இரு முனையிலும் கேட்டறியுங்கள்

அல்ஹம்து லில்லாஹ். அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் தூய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்தொடர்ந்த நல்லோர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாகட்டுமாக!



திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் 36, 37 ஆகிய இரு வசனங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தனக்கு அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லலாகாது என்று முதல் வசனத்தில் அல்லாஹ் தடுக்கின்றான். செவி, பார்வை, இதயம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்றும் எச்சரிக்கின்றான். அடுத்த வசனத்திலோ, பூமியில் செருக்குடன் நடக்க வேண்டாம் என்றும், மனிதனால் பூமியைப் பிளந்துவிடவும் இயலாது, உயரத்தில் மலைகளை எட்டவும் இயலாது என்றும் உணர்த்துகின்றான்.

முதல் வசனம் கேள்விச் செய்தியைப் பற்றியது; இரண்டாவது பூமியைப் பற்றியது. இவ்விரண்டும் ஏன் அருகருகே வந்தன என்பதன் முழு ஞானத்தை அல்லாஹ்வே அறிவான். ஆயினும், பூமியைப் பிளக்க இயலாத மனிதன், தன் செவியை முறையாகப் பயன்படுத்தி அப்பூமியின் மேலோட்டின் கனத்தை அளந்த வரலாற்றைப் படிக்கும்போது, நமக்கு அவசியமான படிப்பினை ஒன்று கிடைக்கின்றது. அதனையே இந்த ஜும்ஆவின் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

பிளக்க இயலாத பூமி

நாம் நடமாடும் இப்பூமியின் மையம் நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மேற்புறத்தில் கடினமான பாறைகளாலான ஓர் ஓடு போர்த்தியிருக்கின்றது. புவி மேலோடு என்று இதனைப் பள்ளிப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. கண்டங்களின் கீழே இதன் கனம் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். பெருங்கடல்களின் அடியிலோ 6, 7 கிலோமீட்டர் மட்டுமே. அதற்குக் கீழே, அதனினும் அடர்த்தி மிகுந்த பாறைகளைக் கொண்ட கவசம் என்னும் பகுதி தொடங்குகின்றது.

நாற்பது கிலோமீட்டர் என்பது சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் தூரத்தைவிடக் குறைவு. பேருந்தில் ஏறினால் கண்ணயர்வதற்குள் கடந்துவிடுகின்ற தூரம். ஆனால் அதே தூரத்தைக் கீழ்நோக்கிச் செல்ல மனிதனால் இயலவில்லை.

முயலாமல் இல்லை. அன்றைய சோவியத் நாட்டின் கோலா தீபகற்பத்தில் 1970-ஆம் ஆண்டு ஓர் ஆழ்துளையைத் தோண்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டினார்கள். எதிர்பார்த்ததைவிட வெப்பம் மிகுந்து 180 டிகிரி அளவுக்கு உயர்ந்தது. அதற்குமேல் துளையிட இயலவில்லை. அமெரிக்கர்களோ, கடலடியில் ஓடு மெல்லியது என்பதால் அங்கே துளைக்க நினைத்தார்கள். 1961-இல் மெக்சிகோ நாட்டின் குவாதலூப் தீவருகே, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழ்கடலில், கடல் தரைக்குக் கீழே 183 மீட்டர் வரை துளையிட்டார்கள். செலவு பெருகியதால் 1966-இல் அத்திட்டமே கைவிடப்பட்டது.

ஆகவே, கண்டத்தின் மேலோட்டை மேலிருந்து துளைத்து அதன் அடியைத் தொட்ட கிணறு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அவ்வாறிருக்க, அதன் கனம் இவ்வளவு என்று எப்படிக் கூற முடிகின்றது? எவ்வளவு துளைத்தாலும் எட்டாத ஒன்றை, செவி எட்டியது எப்படி?

ஒரு நிலநடுக்கமும் ஓர் ஆய்வாளரும்

இன்றைய குரோஷியா நாட்டின் கடற்கரைச் சிற்றூரான வோலோஸ்கோவில், கொல்லர் ஒருவரின் மகனாக 1857-இல் பிறந்தவர் ஆந்த்ரியா மொஹொரோவிச்சிச். பிராகு நகரில் கல்வி பயின்று, கடற்பயண மாணவர்களுக்கு ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் 1892 முதல் ஜாக்ரெப் நகரின் வானிலை ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தார்.

1909-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஜாக்ரெபுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூமி அதிர்ந்தது. அவருடைய ஆய்வகக் கருவி அதனைப் பதிவு செய்தது. அவர் தம் கருவியின் பதிவோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் பல நகரங்களிலுள்ள ஆய்வகங்களிலிருந்தும் அந்நிலநடுக்கத்தின் பதிவுகளைத் திரட்டினார். அலை எந்த ஊரை எத்தனை விநாடியில் அடைந்தது என்று தூரத்தையும் நேரத்தையும் வரிசைப்படுத்தினார்.

அப்போது விந்தையான ஒன்று தெரிந்தது. ஒரே நிலநடுக்கத்திலிருந்து, ஒரே வகையைச் சேர்ந்த அலை, சில ஊர்களில் இரண்டு முறை வந்து சேர்ந்திருந்தது. அருகிலுள்ள ஊர்களுக்கு நேராக வந்த அலையே முந்தியது. தொலைவு மிகுந்த ஊர்களிலோ வேறோர் அலை அதனை முந்திக்கொண்டது. பூமியின் உள்ளே ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் பாறையின் தன்மை திடீரென மாறுகின்றது. அங்கே அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 5.7 கிலோமீட்டரிலிருந்து 7.75 கிலோமீட்டராக உயர்கின்றது என்று கணக்கிட்டார். அவ்வெல்லையின் ஆழம் 54 கிலோமீட்டர் என 1910-இல் எழுதி வெளியிட்டார். இன்று உலகமெங்கும் அந்த எல்லை அவர் பெயரின் முற்பகுதியைக் கொண்டு மோஹோ என அழைக்கப்படுகின்றது.

அவர் கூறிய 54 என்ற எண் பின்வந்த அளவீடுகளால் திருத்தப்பட்டது. கனம் இடத்துக்கு இடம் வேறுபடுவதும் தெரியவந்தது. ஆனால் அவர் காட்டிய வழி நிலைத்து நின்றுவிட்டது. ஏனெனில் அவர் ஒரு சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பு எழுதவில்லை.

முந்தி வரும் அலை

தூரம் மிகுந்த இடத்தில் ஆழத்து அலை ஏன் முந்துகின்றது? நம் அன்றாட அனுபவத்தில் இதற்கு உதாரணம் உண்டு. அடுத்த தெருவிலுள்ள கடைக்குச் செல்பவர் ஊர்ச் சாலையிலேயே செல்வார். நூறு மைலுக்கு அப்பாலுள்ள ஊருக்குச் செல்பவரோ, சற்றுச் சுற்றினாலும் புறவழியாகச் சென்று நாற்கரச் சாலையைப் பிடிப்பார். தூரம் கூடினாலும் வேகம் கைகொடுப்பதால் அவரே முந்திச் சேர்வார்.

அலையும் அவ்வாறே. மேலோட்டின் பாறையில் விநாடிக்கு 6 கிலோமீட்டர் வேகம், கவசத்தில் 8 கிலோமீட்டர் வேகம், ஓட்டின் கனம் 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கருவிக்கு நேரலை ஏறத்தாழ 17 விநாடியில் வந்துவிடும். கீழே இறங்கிச் சென்று ஏறி வரும் அலைக்கோ 20 விநாடி ஆகும். 300 கிலோமீட்டர் தொலைவிலோ நிலைமை தலைகீழாகின்றது. நேரலைக்கு 50 விநாடி. ஆழத்து அலைக்கு 45 விநாடியே போதும். ஏறத்தாழ 185 கிலோமீட்டர் தொலைவில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்த இடம் எது என்று கருவிகளின் பதிவிலிருந்து கண்டுகொண்டால், இரு வேகங்களையும் கொண்டு ஓட்டின் கனத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஓட்டின் கனம் கூடினால் அந்தத் தூரமும் கூடும்.

ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் நுழையும் அலை தன் திசையை மாற்றிக்கொள்வதை விலகல் என்கின்றனர். தண்ணீரில் பாதி அமிழ்ந்த குச்சி வளைந்து தோன்றுவதும் ஒளியின் விலகலால்தான். இவ்விலகலின் கணித விதியை நம் முன்னோர்களில் ஒருவர் அன்றே கையாண்டிருக்கின்றார் என்பது பலருக்கும் தெரியாது. பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் என்னும் அறிஞர், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 984-ஆம் ஆண்டளவில், சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் ஆடிகள், வில்லைகள் பற்றி எழுதிய நூலில் அவ்விதியை வடிவியல் முறையில் பயன்படுத்தியுள்ளதாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இப்பெருமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதற்காக இதனைக் கூறவில்லை. அளந்து பார்த்த பின்னரே பேசும் பண்பு நம் முன்னோர்களிடம் இருந்தது. அது நம்மிடம் எங்கே போயிற்று என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவே கூறுகின்றேன்.

மலைகளின் அடியில்

மலைகளைப் பற்றிப் பேசாமல் இப்பொருளைக் கடக்க இயலாது. 1802-ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே அளவுக்கோடு ஒன்றை நிறுவித் தொடங்கப்பட்ட மாபெரும் நில அளவை, பின்னர் இமயமலையின் அடிவாரம் வரை சென்றது. அப்போது வடக்கே கலியானா, மத்திய இந்தியாவில் கலியான்பூர் ஆகிய இரு இடங்களுக்கிடையே நிலத்தில் அளந்த அளவும், நட்சத்திரங்களைக் கொண்டு அளந்த அளவும் ஐந்து விகலைக்குச் சற்றே மேலாக வேறுபட்டன. இமயமலை தன்பால் தூக்குநூலை ஈர்த்ததே காரணம் என எண்ணிக் கல்கத்தாவிலிருந்த பிராட் என்பவர் கணக்கிட்டார். கணக்கின்படி வேறுபாடு அதனினும் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்திருக்க வேண்டும்! அவ்வளவு பெரிய மலை இவ்வளவு குறைவாக ஈர்ப்பது ஏன்? 1855-இல் ஏரி என்னும் ஆங்கிலேய வானியலாளர் விடை சொன்னார்: நீரில் மிதக்கும் கட்டையின் பெரும்பகுதி அமிழ்ந்திருப்பதுபோல, மலையின் அடியிலும் எடை குறைந்த பாறை ஆழமாக இறங்கியுள்ளது என்றார். பிற்காலத்தில் அதிர்வலைகளைக் கொண்டு அளந்தபோது, திபெத் பீடபூமியின் கீழே மேலோடு 70 கிலோமீட்டர் அளவுக்குக் கனத்திருப்பது தெரியவந்தது.

அந்நபஃ அத்தியாயத்தில் மலைகளை முளைகளுக்கு அல்லாஹ் ஒப்பிட்டிருப்பது நாம் அனைவரும் அறிந்ததே. மேற்கண்ட செய்தியைப் படிக்கும் முஃமினின் உள்ளம் சுப்ஹானல்லாஹ் என்று கூறத்தான் செய்யும், கூறட்டும். எனினும் ஓர் எச்சரிக்கை. விஞ்ஞானிகளின் எண்கள் மாறக்கூடியவை. 54 என்று சொன்னவரின் எண்ணே திருத்தப்பட்டதைப் பார்த்தோம். அல்லாஹ்வின் கலாமின் உண்மையை மாறக்கூடிய எண்ணின்மீது தொங்கவிடுவது அறிவுடைமையன்று. மலை உள்ள இடத்தில் நிலநடுக்கமே வராது என்றெல்லாம் சிலர் மேடையில் முழங்குகின்றனர். 2005-ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் காஷ்மீர் மலைப்பகுதியில் பல்லாயிரக்கணக்கான நம் சகோதரர்களின் உயிரைக் குடித்த நிலநடுக்கத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். வசனத்தில் இல்லாததையும், அளவீட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வது, நாம் தொடக்கத்தில் கண்ட 36-ஆம் வசனம் தடுக்கின்ற செயலன்றோ? மார்க்கத்தின் பெயரால் சொன்னாலும் அறிவில்லாமல் சொன்னது அறிவில்லாமல் சொன்னதே.

காவலி முதல் உடுப்பி வரை

நிலநடுக்கம் வரும்வரை காத்திராமல், மனிதன் தானே சிறு அதிர்வை உண்டாக்கி அளக்கும் முறையும் வளர்ந்தது. துளைகளில் வெடிமருந்தை வைத்து வெடித்து, பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாகத் தரையில் ஊன்றிய அதிர்வுக் கருவிகளில் அலை வந்து சேரும் நேரத்தைப் பதிவு செய்வார்கள்.

நம் நாட்டில் ஹைதராபாதிலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1972-இல், சோவியத் அறிஞர்களின் ஒத்துழைப்புடன், இத்தகைய முதல் ஆய்வைத் தொடங்கியது. வங்கக் கடலோரம் ஆந்திராவிலுள்ள காவலியிலிருந்து அரபிக் கடலோரம் கர்நாடகத்திலுள்ள உடுப்பி வரை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதன் அடியைச் செவியால் பார்த்தார்கள் எனலாம். மேலோட்டின் கனம் 35 கிலோமீட்டர் அளவிலிருந்து 40 கிலோமீட்டர் அளவு வரை இடத்துக்கு இடம் மாறுவதைக் கண்டார்கள். பின்னர் குப்பத்திலிருந்து நம் பழனி வரையிலும் இவ்வாறு அளந்து, அங்கே 40 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனத்தைக் கண்டனர்.

இவ்வாய்வுகளில் கடைப்பிடிக்கப்படும் ஒரு விதியைக் கவனியுங்கள். இந்த உரையின் உயிர்நாடி அதுவே.

ஒரு முனையில் மட்டும் வெடித்து, அலை செல்லும் வேகத்தைக் கணக்கிட்டு முடிவு கூறுவதை அவர்கள் ஏற்பதில்லை. மறுமுனையிலும் வெடித்து, எதிர்த்திசையில் வரும் அலையையும் பதிவு செய்தாக வேண்டும். ஏன்? அடியிலுள்ள எல்லை சமதளமாக இல்லாமல் சாய்ந்திருந்தால், ஒரு திசையில் அளந்த வேகம் பொய்யாகிவிடும். முன் சொன்ன அதே பாறைகளில் அந்த எல்லை வெறும் ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். உயரமான பக்கத்திலிருந்து சரிவை நோக்கி அளந்தால் வேகம் ஏறத்தாழ 7.5 எனத் தோன்றும். தாழ்ந்த பக்கத்திலிருந்து ஏற்றத்தை நோக்கி அளந்தால் 8.7 எனத் தோன்றும். உண்மையோ 8.

இதிலுள்ள நுட்பம் என்ன? இரு முனையிலுமுள்ள கருவிகள் பொய் சொல்லவில்லை. பழுதும் இல்லை. தனக்கு வந்ததை அப்படியே சொன்ன நேர்மையான சாட்சிகள் அவை. ஆயினும் ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் ஆய்வாளர் வழிதவறியிருப்பார். சாய்வு இருக்கின்றது என்பதே இரண்டையும் கேட்ட பின்னர்தான் தெரியவருகின்றது.

இன்னொரு சோதனையும் உண்டு. இம்முனையிலிருந்து அம்முனைக்கு அலை செல்ல எடுக்கும் மொத்த நேரமும், அம்முனையிலிருந்து இம்முனைக்கு வர எடுக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையெனில் எங்கோ பிழை உள்ளது என்று கொண்டு, பதிவுகளை மீண்டும் ஆராய்வார்கள். ஒத்துவரும்வரை கனம் இவ்வளவு என்று எழுதமாட்டார்கள்.

நபிகளார் கற்றுத்தந்த நீதி முறை

கல்லின் கனத்தை அளக்கவே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஒரு மனிதனின் மானத்தையும் ஒரு பெண்ணின் வாழ்வையும் அளப்பதற்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

அலீ (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, தாம் வயதில் இளையவர் என்றும் தீர்ப்பளிக்கும் முறை தமக்குத் தெரியாது என்றும் அலீ (ரலி) அவர்கள் தயங்கினார்கள். அவர்களுடைய இதயத்துக்கு அல்லாஹ் வழிகாட்டி நாவை உறுதிப்படுத்துவான் என்று ஆறுதல் அளித்த அண்ணலார், ஒரு நெறியையும் கற்பித்தார்கள்: வழக்காடும் இருவர் முன்னால் வந்து அமர்ந்தால், முதலாமவர் சொல்வதைக் கேட்டதுபோலவே மற்றவர் சொல்வதையும் கேட்கும்வரை தீர்ப்பளிக்கக் கூடாது, அப்போதுதான் தீர்ப்பு தெளிவாகும் என்றார்கள். அபூதாவூத் நூலில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

கேட்டதுபோலவே கேட்க வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள். முதலாமவருக்கு ஒரு மணி நேரமும், இரண்டாமவருக்கு ஒப்புக்கு ஐந்து நிமிடமும் என்பதன்று. அதே பொறுமை, அதே முகமலர்ச்சி, அதே கவனம்.

கணவன் மனைவிக்கிடையே பிளவு ஏற்படும் என்று அஞ்சினால், கணவனின் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் மனைவியின் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. இரு முனைகள்! ஒரு முனையிலிருந்து மட்டும் நடுவர் போதும் என்று அல்லாஹ் கூறவில்லை.

இன்று நம் மஹல்லாக்களில் நடப்பது என்ன? கணவன் வீட்டார் முந்திக்கொண்டு ஜமாஅத்தில் மனுக் கொடுத்துவிடுகின்றனர். மனுவில் எழுதியிருப்பதை நிர்வாகிகள் படிக்கின்றனர். மனுக் கொடுத்தவர் தெரிந்தவர், வசதியானவர், பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடை அளித்தவர். பெண் வீட்டார் வெளியூர்க்காரர்கள். அவர்கள் வந்து சேரும் முன்பே பெண்ணைப் பற்றிய முடிவு பலருடைய உள்ளத்தில் எழுதப்பட்டுவிடுகின்றது. சொத்து வழக்கிலும் அவ்வாறே. அண்ணன் கணக்கைக் காட்டுகின்றார். தங்கைக்குத் திருமணத்தின்போதே எல்லாம் கொடுத்துவிட்டதாகச் சொல்கின்றார். தங்கையை அழைத்துக் கேட்பவர் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வருகின்றது. ஓர் ஆலிமைப் பற்றியோ ஒரு குடும்பத்தைப் பற்றியோ ஒருவர் அழுதுகொண்டே பேசுகின்றார். மறுதரப்பின் குரலைத் தேடாமலே ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் உறங்கச் செல்கின்றோம்.

அழுதவர் பொய்தான் சொல்கின்றார் என்று நான் கூறவில்லை. சாய்வின் ஒரு பக்கத்தில் நிற்பவர் தமக்கு வந்து சேர்ந்ததைச் சொல்கின்றார். அது 7.5 ஆகவும் இருக்கலாம், 8.7 ஆகவும் இருக்கலாம். மறுமுனையைக் கேட்காமல் அதனை 8 என்று அறிவித்தவர் யார்? நாம்! அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம், கொண்டுவரப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாம் என்றும் எச்சரிப்பது இதற்காகவே. சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஸபஃ நாட்டுச் செய்தியை ஹுத்ஹுத் பறவை உறுதியாகவே கூறியது. அப்படியிருந்தும், அது சொன்னது உண்மையா என்று பார்ப்போம் எனக் கூறி, மறுமுனைக்கு ஒரு கடிதத்தை அனுப்பிய பிறகே அடுத்த காரியத்தில் இறங்கினார்கள்.

முந்தி வராத குரல்

இன்னும் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அலை விலகல் முறைக்கு ஒரு குறை உண்டு என்பதை அத்துறையினரே ஒப்புக்கொள்கின்றனர். இம்முறையில் முதலில் வந்து சேரும் அலையே முக்கியச் சாட்சி. வேகம் மிகுந்த பாறைக்குக் கீழே வேகம் குறைந்த பாறை அடுக்கு ஒன்று இருந்தால், அதன் வழியாக வரும் அலை ஒருபோதும் முந்தி வராது. பதிவின் முதல் வரிசையில் அதற்கு இடமே இல்லை. அவ்வடுக்கு இல்லவே இல்லை என்பதுபோலத் தோன்றும். அதனை மறந்து கணக்கிட்டால் ஆழத்தின் கணக்கும் தவறிவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் முதல் அலையோடு நின்றுவிடாமல், பின்னால் வரும் எதிரொலிகளையும், இடையே ஏற்படும் தாமதங்களையும் நுணுகி ஆராய்வார்கள். குப்பம் - பழனி ஆய்வில் மேலோட்டின் நடுவே இத்தகைய மந்தமான அடுக்கு ஒன்று இருப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றனர்.

நம் சபைகளிலும் முந்தி வராத குரல்கள் உள்ளன. நன்றாகப் பேசத் தெரிந்தவர் முந்திவிடுகின்றார். பேசத் தெரியாத ஏழை, தந்தையை இழந்த யத்தீம், பர்தாவுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் பெண், ஆகியோரின் நியாயம் பதிவாகாமலே கூட்டம் முடிந்துவிடுகின்றது. தரப்பு இரண்டையும் கேட்டுவிட்டோம் என்று நிர்வாகிகள் மனநிறைவு அடைகின்றனர். கேட்டது அப்பெண்ணின் மாமாவின் பேச்சை. அப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

நபி (ஸல்) அவர்களே இதனைக் குறித்து அஞ்சினார்கள். தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்காடுவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்டதற்கேற்பத் தீர்ப்பளித்து ஒருவருடைய உரிமையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. பேச்சுத் திறமையால் ஜமாஅத்தில் வென்று, வீட்டுக்குக் கொண்டு செல்வது எதனை என்று வென்றவர் எண்ணிப் பார்க்கட்டும்!

அல்முஜாதலா அத்தியாயம் எவ்வாறு தொடங்குகின்றது? தன் கணவனைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்ட ஒரு பெண்ணின் பேச்சை அல்லாஹ் செவியுற்றான் என்றே தொடங்குகின்றது. கவ்லா (ரலி) என்னும் அப்பெண்மணி முறையிட்டபோது அதே வீட்டில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அவருடைய பேச்சில் சில பகுதிகள் கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்டான், வஹீயும் இறங்கியது. அறையின் அந்தப் பக்கம் எட்டாத குரலுக்காக ஓர் அத்தியாயமே இறங்கியிருக்க, அக்குரலைக் கேட்க நமக்கு நேரமில்லை என்று சொல்லலாமா?

நாம் செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளே! மனுவைப் பெற்ற நாளிலேயே மறுதரப்புக்கும் தகவல் அனுப்புங்கள். இரு தரப்பும் வந்து சேரும்வரை வழக்கைப் பற்றி டீக்கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பேசாதீர்கள். பெண்ணின் வழக்கில் அவள் நம்பும் மஹ்ரமுடன் அவளை அமர்த்தி, அவள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். தயங்கினால் அவகாசம் கொடுங்கள். இரு தரப்பின் கூற்றும் பொருந்தாவிட்டால் பிழை எங்கே என்று தேடுங்கள்; அவசரப்பட்டு முடிவு எழுதாதீர்கள்.

இளைஞர்களே! ஒருவரைப் பற்றிய செய்தி கைபேசியில் வந்தால், மறுமுனையைக் கேட்டேனா என்று உங்களையே கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் வாய்மூடி இருப்பதற்கு வழி இருக்கின்றது.

பெற்றோர்களே! மகள் சொல்வதை மட்டும் கேட்டு மருமகனையும், மகன் சொல்வதை மட்டும் கேட்டு மருமகளையும் எடைபோடாதீர்கள்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். பாறையின் ஆழத்தை அலை சொல்லிவிடும். மனித இதயத்தின் ஆழத்தைச் சொல்ல எந்த அலையும் இல்லை. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, அச்சத்தால் சொன்னார் என்று எண்ணி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றபோது, அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வருந்தினார்கள். பூமியைப் பிளக்க இயலாதவன் இதயத்தையா பிளப்பான்? இரு முனையையும் கேட்ட பின்னரும் வெளிப்பட்டதைக் கொண்டே தீர்ப்பு. எண்ணங்களை அல்லாஹ்விடமே ஒப்படைக்க வேண்டும்.

இன்று நாம் பூமிக்குச் செவிசாய்த்து அதன் செய்தியைக் கேட்கின்றோம். நாளை அதே பூமி நம்மைப் பற்றிப் பேசும். அஸ்ஸில்ஸால் அத்தியாயம் அந்த நாளை நினைவூட்டுகின்றது. தன் முதுகின்மீது ஆணும் பெண்ணும் செய்த ஒவ்வொன்றையும் அது சாட்சி கூறும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். எந்தச் சபையில் யாரைப் பேசவிடாமல் தடுத்தோம், யாருடைய கண்ணீரைக் கேட்காமல் எழுந்தோம் என்பதும் அச்சாட்சியத்தில் அடக்கம். அங்கே மறைந்த அடுக்கு எதுவும் இல்லை. முந்தி வராத குரலும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளை நீதியின் செவிகளாக ஆக்குவாயாக! அறியாததைப் பேசுவதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! எங்கள் மஹல்லாக்களில் அநீதிக்குள்ளான ஒருவர்கூட இல்லாத நிலையை உண்டாக்குவாயாக! பூமி எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாத நன்மக்களின் கூட்டத்தில் எங்களையும் எங்கள் பெற்றோரையும் மக்களையும் சேர்த்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.